சிமி தீவும் செம்பு ஹெல்மெட்டும்

"ஏதாவது ஒண்ணு எழுதிக் கொடுப்பா. ரொம்ப டெக்னிக்கலா வேண்டாம், வீட்டுல எல்லாரும் படிக்கிற மாதிரி இருக்கட்டும்" என்று மலர்க் குழு நண்பர் போனில் சொன்னார். ஹாஸ்டல் கதைகளையும் மெஸ் சாம்பாரையும் எழுத என்னைவிடக் கைதேர்ந்தவர்கள் நம் செட்டிலேயே நாலைந்து பேர் இருக்கிறார்கள். அதனால் நான் வேறு பக்கம் போகிறேன். கிரேக்க நாட்டில் சிமி என்று ஒரு சின்னத் தீவு. அங்கே இரண்டு நாள் தங்கினேன். அந்தத் துறைமுக ஊரின் கதையைத்தான் சொல்லப் போகிறேன். டெக்னிக்கல் கொஞ்சம் வரத்தான் செய்யும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

கம்பெனி வேலையாக ஏதென்ஸ் போயிருந்தேன். வேலை முடிந்து ஒரு நாள் அங்கிருக்கும் தேசியத் தொல்பொருள் மியூசியத்துக்குப் போனேன். நம்மைப் போன்ற ஆட்கள் அங்கே சிலைகளைப் பார்ப்பதைவிட ஒரு கண்ணாடிப் பெட்டி முன்னால்தான் அதிக நேரம் நிற்போம். உள்ளே பச்சை பிடித்த சில வெண்கலத் துண்டுகள். பெரிய துண்டே ஒரு சாண் அளவுதான் இருக்கும். அதில் ஒரு சக்கரமும், நாலு ஆரங்களும், விளிம்பில் பொடிப் பொடியாகப் பற்களும் தெரிகின்றன. ஆன்டிகிதிரா இயந்திரம் என்று பெயர். இரண்டாயிரம் வருடங்களுக்கு முந்தைய கியர் பாக்ஸ். சூரியன், சந்திரன் நகர்வையும் கிரகணம் வரக்கூடிய மாதங்களையும் கைப்பிடியைச் சுற்றிக் காட்டும் கருவி. 82 துண்டுகளாகக் கிடைத்திருக்கிறது. இப்போது மிச்சம் இருப்பதில் மட்டும் 30 பல்சக்கரங்கள். அதில் ஒன்றுக்கு 223 பற்கள், ஏனென்றால் கிரகணங்கள் 223 சந்திர மாதங்களுக்கு ஒருமுறை அதே வரிசையில் திரும்பி வரும். 2005-ல் எக்ஸ்ரே ஸ்கேன் எடுத்த பிறகுதான் உள்ளே இருக்கிற அமைப்பு ஓரளவு முழுசாகப் புரிந்தது. ஒர்க்‌ஷாப்பில் ஒரு சதுரத் துண்டை ரைட் ஆங்கிளுக்குக் கொண்டுவர மூன்று வாரம் அரம் தேய்த்தவன் நான். அதை எவன் கையால் வெட்டியிருப்பான் என்று நினைத்துக்கொண்டே நின்றேன்.

பெட்டியை விட்டு நகரும்போது இன்னொரு கேள்வி வந்தது. செய்தவனை விடுங்கள், இதைக் கடலுக்கு அடியிலிருந்து எடுத்தவர்கள் யார்? அந்தக் கேள்விக்கு விடைதான் சிமி. எனக்கு மூன்று நாள் லீவு பாக்கி இருந்தது. கிளம்பிவிட்டேன்.

சிமிக்கு விமானம் கிடையாது. ரோட்ஸ் தீவு வரை பறந்து, அங்கிருந்து படகில் வடமேற்கே சுமார் 40 கிலோமீட்டர் போக வேண்டும். துருக்கிக் கரை கண்ணுக்கெதிரே மலை மலையாகத் தெரிகிறது. படகு ஒரு முனையைத் திரும்பியதும் துறைமுகம் திடீரென்று திறக்கிறது. மூன்று பக்கமும் மொட்டைப் பாறைக் குன்று. அதில் கொலுப்படி மாதிரி அடுக்கடுக்காக வீடுகள்: மஞ்சள், காவி, வெளிர் நீலம். ஒவ்வொரு வீட்டு நெற்றியிலும் பழைய கிரேக்கக் கோயில் மாதிரி ஒரு முக்கோணம். கீழே துறைமுகப் பகுதிக்கு யாலோஸ் என்று பெயர், மேலே இருப்பது ஹோரியோ. இரண்டையும் இணைப்பது காலி ஸ்ட்ராட்டா என்ற சுமார் 500 படிக்கட்டு. மே மாத வெயிலில் ஏறிப் பார்த்தேன். பாதியில் உட்கார்ந்துவிட்டேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

உட்கார்ந்த இடத்தில் ஒரு விஷயம் கவனித்தேன். பக்கத்தில் இருந்த பெரிய மாளிகைக்குக் கூரையே இல்லை. உள்ளே அத்திமரம் வளர்ந்திருந்தது. அடுத்த வீடும் அப்படியே. கீழே கரையோரம் வர்ணம் பூசிய வீடுகள். மேலே ஏற ஏற இடிந்த சுவர்கள். இந்தத் தீவில் விளைச்சல் என்று சொல்ல ஒன்றும் இல்லை. குடிதண்ணீருக்கே காலங்காலமாகத் தட்டுப்பாடு. 58 சதுர கிலோமீட்டர் பாறை. இன்று மூவாயிரத்துக்கும் குறைவான பேர்தான் இருக்கிறார்கள். ஆனால் 1900-ஐ ஒட்டிய வருடங்களில் இருபதாயிரத்துக்கு மேல் இருந்தார்கள். அத்தனை பேருக்கும் சோறு போட்டது எது? மாளிகை கட்டிக் கொடுத்தது எது? கடற்பஞ்சு.

கடற்பஞ்சு என்பது செடி இல்லை, பிராணி. கடலடிப் பாறையில் ஒட்டி வளரும். எடுக்கும்போது கறுப்புத் தோலோடு வழவழவென்று இருக்கும். காலால் மிதித்து, பாலை வெளியேற்றி, கடல் நீரில் அலசிக் காய வைத்தால் நாம் பார்க்கிற பொன்னிறப் பஞ்சு. குளிக்க, துடைக்க, ஆஸ்பத்திரியில் என்று ஐரோப்பா முழுவதும் அதற்குக் கிராக்கி. சிமி ஆட்கள் கப்பல் கட்டுவதிலும் கெட்டிக்காரர்கள். 1522-ல் ரோட்ஸ் துருக்கியர் கைக்குப் போனபோது சிமியும் கூடவே போனது. ஆனாலும் சுல்தானுக்குக் கப்பம் கட்டிவிட்டு, தங்கள் ஊரைத் தாங்களே நிர்வகித்துக்கொள்ளும் சலுகையை வாங்கி வைத்திருந்தார்கள். அந்தக் கப்பத்தில் கடற்பஞ்சும் சேர்த்தி.

அந்தக் காலத்தில் பஞ்சு எடுத்த விதம் எளிமையானது. பத்துப் பதினைந்து கிலோ எடையுள்ள ஒரு தட்டையான கல், அதில் கட்டிய கயிறு. கல்லைக் கையில் பிடித்துக்கொண்டு, மூச்சை நிறுத்தி, தலைகீழாகப் பாய வேண்டியது. கீழே போய்ப் பஞ்சை அறுத்து வலையில் போட்டதும் கயிற்றை ஒரு சுண்டு. மேலே இருப்பவர்கள் இழுத்துவிடுவார்கள். எல்லாம் ஒரே மூச்சில். 1913-ல் இத்தாலியப் போர்க்கப்பல் ஒன்று கார்பதோஸ் தீவுப் பக்கம் நங்கூரத்தைத் தொலைத்தபோது, சிமியைச் சேர்ந்த ஹாட்ஜி ஸ்டாட்டி என்பவர் இதே முறையில் 70 மீட்டருக்கும் அதிகமான ஆழம் இறங்கி அதைக் கட்டிக் கொடுத்தார். கப்பல் டாக்டர்கள் அவரைச் சோதித்துப் பார்த்துவிட்டு, இந்த உடம்பை வைத்துக்கொண்டா என்று வியந்துபோனார்கள். காது ஜவ்வுகூட ஒழுங்காக இல்லாத சாதாரண மனிதர்.

இந்த ஊருக்கு 1863-ல் மெஷின் வந்தது. ஸ்காபாண்ட்ரோ என்று பெயர். பிரெஞ்சுக்காரர் ஒருவர் 1775-ல் உருவாக்கிய சொல். கிரேக்கத்தில் படகு, மனிதன் என்ற இரண்டு வார்த்தைகளை ஒட்டியது. லண்டனில் சீப என்பவர் 1830-களில் நன்றாகத் தேற்றிவிட்ட டிசைன்: செம்பு ஹெல்மெட், ரப்பர் துணி உடுப்பு, ஈயம் வைத்த பூட்ஸ், மேலே படகில் கையால் சுற்றும் காற்றுப் பம்ப், நடுவில் குழாய். கொண்டு வந்தவர் அந்த ஊர்க்காரரான மாஸ்டோரிடிஸ். இதைப் போட்டுக்கொள்ள ஜனங்கள் பயந்தார்களாம். உடனே அவர் மனைவி எவ்கேனியா தானே உடுப்பை மாட்டிக்கொண்டு துறைமுகத்தில் இறங்கிக் காட்டினார் என்று தீவில் பெருமையாகச் சொல்கிறார்கள்.

ஒரு இஞ்சினியராக யோசித்துப் பாருங்கள். எவ்வளவு பெரிய முன்னேற்றம்! ஒரு மூச்சில் இரண்டு மூன்று நிமிஷம் இருந்தவன் இப்போது அரை மணி, ஒரு மணி என்று கடலடியில் நடக்கிறான். அவசரமில்லாமல் பார்த்துப் பொறுக்குகிறான். வருமானம் எகிறியது. காலி ஸ்ட்ராட்டா மாளிகைகள் பலவும் அந்தப் பணத்தில் எழுந்தவைதான்.

இனி நான் சந்தித்த ஒருவரைப் பற்றி. கரையோரத்தில் கடற்பஞ்சு விற்கும் கடை ஒன்று. எழுபது வயதைத் தாண்டிய பெரியவர். வாசலில் பழைய செம்பு ஹெல்மெட் ஒன்றை வைத்திருந்தார். எனக்குக் கிரேக்கம் தெரியாது, அவருக்கு ஆங்கிலம் அரைகுறை. தாத்தாவுடையது என்று ஜாடை காட்டினார். பிறகு தன் வலது காலைத் தரையில் இழுத்து இழுத்து நாலடி நடந்து காட்டினார். தாத்தா அப்படித்தான் நடப்பாராம்.

எனக்கு உடனே தொழில் புத்தி. "எது பழுதாச்சு? குழாயா, வால்வா, பம்பா?" என்று கேட்டேன்.

பெரியவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "ஒண்ணும் பழுதாகலையே. மெஷின் நல்லாத்தான் இருந்தது" என்றார்.

அங்கேதான் எனக்கு உறைத்தது. கோளாறைத் தேடியே பழகியவனுக்கு, கோளாறே இல்லாமல் ஒரு மனிதன் முடமாக முடியும் என்பது சட்டென்று தோன்றாது.

நடந்தது இதுதான். பத்து மீட்டர் இறங்கினால் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். 40 மீட்டரில் மொத்தம் ஐந்து மடங்கு. அந்த அழுத்தத்தில் காற்றைச் சுவாசித்தால் அதில் உள்ள நைட்ரஜன் ரத்தத்திலும் தசையிலும் கரைந்துகொண்டே போகும். முதல் வருடக் கெமிஸ்ட்ரியில் படித்த ஹென்றி விதி. அதிக நேரம் இருந்துவிட்டு வேகமாக மேலே வந்தால், மூடியைத் திறந்த சோடா பாட்டில் மாதிரி உடம்புக்குள் குமிழி கிளம்பும். மூட்டில் கிளம்பினால் வலி. தண்டுவடத்தில் கிளம்பினால் கால் போகும். நுரையீரலிலோ மூளையிலோ என்றால் உயிர்.

கல்லைப் பிடித்துக் குதித்தவனுக்கு இந்த நோய் ஏன் பெரும்பாலும் வரவில்லை? அவன் கொண்டுபோனது ஒரே மூச்சுக் காற்று. கரைவதற்குச் சரக்கும் இல்லை, நேரமும் இல்லை. அதனால் தலைமுறை தலைமுறையாகக் கடலை அறிந்திருந்த ஊருக்கு இந்த ஒரு ஆபத்து மட்டும் தெரியவில்லை. அனுபவம் உதவிக்கு வரவில்லை. போதாததற்கு, கீழே இருக்கும்வரை ஒரு தொந்தரவும் கிடையாது. மேலே வந்து, ஹெல்மெட்டைக் கழற்றி, ஒரு சிகரெட் பற்றவைத்த பிறகுதான் கால் மரத்துப் போகும். மெஷின் மேல் யார் சந்தேகப்படுவார்கள்?

கணக்கு சீக்கிரமே தெரிய ஆரம்பித்தது. 1867-ல் இந்த உடுப்போடு இறங்கிய 24 பேரில் 10 பேர் இறந்ததாகப் பிரெஞ்சு மருத்துவர் ஒருவர் பதிவு செய்தார். தீவு ஜனங்கள் மனு எழுதினார்கள். மெஷின் வேண்டாம், பழைய கல்லே போதும் என்றார்கள். 1880-களின் தொடக்கத்தில் சுல்தான் தடையே போட்டார். தடை நிலைக்கவில்லை.

ஏன் நிலைக்கவில்லை என்பதுதான் நாம் படிக்க வேண்டிய பாடம். உடுப்பும் பம்பும் விலை அதிகம். கடன் வாங்கித்தான் வாங்க முடியும். அதனால் ஒரு படகுக்கு ஒரே உடுப்பு. ஒருவர் ஏறியதும் அடுத்தவர் மாட்டிக்கொண்டு இறங்குவார். உடுப்பு சும்மா கிடந்தால் நஷ்டம். முக்குளிப்பவருக்கு, ஈஸ்டர் முடிந்து படகு கிளம்பும் முன்பே முன்பணம் கொடுத்துவிடுவார்கள். அது அந்த ஆறு மாதத்துக்கு வீட்டுச் செலவு. திரும்பி வராமல் போனால் என்ற பயத்தில் பாதியைக் கரையிலேயே தீர்த்தவர்களும் உண்டு. வாங்கின பணத்துக்கு ஈடாகப் பஞ்சு எடுத்தாக வேண்டும். பக்கத்துக் கடலில் பஞ்சு தீர்ந்ததும் படகுகள் லிபியா, எகிப்து, துனிசியா கரைகளுக்குப் போயின. மேலோட்டமான பாறைகள் காலியானதும் இன்னும் ஆழம். மெதுவாக ஏறுவது என்றால் அந்த நேரத்தில் அடுத்தவர் இறங்க முடியாது. கேப்டனும் கெட்டவர் என்று சொல்ல முடியாது. அவர் கழுத்தில் வியாபாரியின் கடன்.

விடை கிடைக்காமலும் இல்லை. 1878-ல் பாரிஸில் பால் பெர்ட் என்ற விஞ்ஞானி, காரணம் நைட்ரஜன் குமிழிதான் என்று பரிசோதனையால் நிரூபித்துத் தடித்த புத்தகமே வெளியிட்டார். மெதுவாக மேலே கொண்டு வாருங்கள் என்பதுதான் அவர் சொன்னது. எவ்வளவு மெதுவாக, எந்த ஆழத்தில் எத்தனை நிமிஷம் நிறுத்த வேண்டும் என்ற அட்டவணையை ஹால்டேன் என்ற பிரிட்டிஷ் விஞ்ஞானி ஆடுகளை வைத்துச் சோதித்து 1908-ல் கொடுத்தார். சிமியில் முதல் ஹெல்மெட் இறங்கி அதற்குள் 45 வருடம் ஆகியிருந்தது. புத்தகம் பாரிஸிலும் லண்டனிலும் இருந்தது. படகு ஆப்பிரிக்கக் கரையில் இருந்தது.

பக்கத்துத் தீவான காலிம்னோஸும் கடற்பஞ்சுத் தீவுதான். அங்கே கல்யாண வீடுகளிலும் திருவிழாக்களிலும் ஆடுகிற ஒரு நடனம் உண்டு. பெயர் மிஹானிகோஸ், அதாவது மெஷின்காரன். வரிசையாகக் கைகோத்து எல்லோரும் ஆடுவார்கள். முன்னால் இருப்பவர் மட்டும் கைத்தடியோடு, கால் நடுங்க, விழுவதும் எழுவதுமாக ஆடுவார். சிரிப்பதற்கான ஆட்டம் இல்லை. ஊரே சேர்ந்து அவரைத் தாங்கிக்கொண்டு ஆடுகிறது.

சரி, மியூசியத்துக்கு வருவோம். 1900-ல் கேப்டன் கொன்டோஸ் என்பவரின் சிமிப் படகு, புயலுக்காக ஆன்டிகிதிரா என்ற தீவோரம் ஒதுங்கியது. ஸ்டாடியாட்டிஸ் என்பவர் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு இறங்கினார். உடனே பதறிக்கொண்டு மேலே வந்து, கீழே பிணங்கள் குவிந்து கிடக்கின்றன என்றார். பிணங்கள் இல்லை, பழைய கப்பல் ஒன்றில் மூழ்கிய சிலைகள். கேப்டனே இறங்கி அடையாளத்துக்கு ஒரு வெண்கலக் கையைக் கொண்டு வந்தார். அரசுக்குத் தகவல் போய், கடற்படைக் கப்பல் வந்து, 1901 வரை எடுத்தார்கள். இறங்கியவர்கள் அதே சிமி ஆட்கள்தான். ஆழம் சுமார் 50 மீட்டர். ஆறு மடங்கு அழுத்தம். அடியில் சில நிமிஷங்களே இருக்க முடியும். ஒருவர் இறந்தார். இரண்டு பேர் முடங்கிப்போனார்கள். எடுத்த சாமான்களுக்கு நடுவே கிடந்த வெண்கலக் கட்டி ஒன்றில் பல்சக்கரம் இருப்பதை 1902-ல்தான் ஒருவர் கவனித்தார். உலகத்தின் பழைய கியர் பாக்ஸ் நமக்குக் கிடைத்த விலை அது.

பிறகு சிமிக்கு இறங்குமுகம். 1912-ல் இத்தாலியர் வந்தார்கள். பழைய சலுகைகள் போயின. கப்பல் கட்டும் தொழிலும் பஞ்சுத் தொழிலும் சுருங்கின. 1905-லிருந்தே கிரேக்கத் தீவுகளின் முக்குளிப்பவர்கள் அமெரிக்காவில் ஃப்ளோரிடாவின் டார்ப்பன் ஸ்பிரிங்ஸுக்குக் கிளம்பியிருந்தார்கள். இரண்டாம் உலகப் போரில் ஊர் பல கை மாறியது. 1944-ல் கோட்டையில் இருந்த வெடிமருந்து வெடித்து மேலூர் வீடுகள் பல தரைமட்டம். 1945 மே 8 அன்று இந்தத் தீவுக் கூட்டத்தில் இருந்த ஜெர்மன் படை சரணடைந்து கையெழுத்துப் போட்டது யாலோஸ் கரையோர வீடு ஒன்றில்தான். இன்றும் சுவரில் கல்வெட்டு இருக்கிறது. 1948 மார்ச் 7 அன்று தீவுகள் கிரேக்கத்தோடு சேர்ந்தன. அதற்குள் ஜனங்கள் பெரும்பாலும் போய்விட்டார்கள். செயற்கைப் பஞ்சு வந்தது. 1986-ல் மத்தியதரைக் கடலில் பஞ்சுகளுக்கே ஒரு நோய் வந்து மிச்சத்தையும் அழித்தது. இன்று ஊரைக் காப்பாற்றுவது என்னைப் போல வந்து போகிறவர்கள்.

இதை ஏன் இந்த மலரில் எழுதுகிறேன் என்றும் சொல்லிவிடுகிறேன்.

வேலைக்குச் சேர்ந்த நாலாம் வருடம் ஒரு தொழிற்சாலையில் வார்ப்புகளைத் தேய்க்கும் பகுதி என் பொறுப்பில் இருந்தது. பழைய கிரைண்டர்களை மாற்றிப் புதுசு வாங்கினோம். வேகம் அதிகம், பவர் அதிகம். உற்பத்தி ஏறியது. எனக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது. ஒரு வருடம் கழித்து, இருபது வருடமாக அங்கே வேலை செய்த அண்ணன் ஒருவர் டீ நேரத்தில் வந்து, "சார், காலையில எந்திரிச்சா விரல் மரத்துப் போவுது. வெள்ளையாயிடுது. சட்டை பட்டன் போட முடியல" என்றார்.

நான் உடனே கிரைண்டரை எடுத்துச் செக் பண்ணச் சொன்னேன். பேரிங் சரி, பேலன்ஸ் சரி, ஆர்.பி.எம். சரி. "மெஷின்ல ஒண்ணும் இல்லைண்ணே" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவரும் "சரி சார்" என்று போய்விட்டார். அதிர்வு தொடர்ந்து கையில் ஏறினால் விரலின் ரத்தக் குழாயும் நரம்பும் கெடும், ஒரு நாளைக்கு இத்தனை நேரத்துக்கு மேல் பிடிக்கக் கூடாது என்று கணக்கே இருக்கிறது என்பதை நான் பிறகுதான் படித்தேன். புத்தகத்தில் இருந்தது. என் மேஜையில் இல்லை. ஷிப்டை மாற்றி, ஆளுக்கு நேரம் குறைத்து வைக்க ஏற்பாடு செய்தேன். அடுத்தவர்களுக்கு உதவியிருக்கலாம். அந்த அண்ணனுக்கு விரல் சரியாகவில்லை.

சிமிப் பெரியவர் "மெஷின் நல்லாத்தான் இருந்தது" என்று சொன்னபோது, அதே வார்த்தையை நானும் ஒருவரிடம் சொல்லியிருக்கிறேன் என்பதுதான் ஞாபகம் வந்தது.

படகு ஏறும் முன் அவர் கடையில் சின்னதாக ஒரு கடற்பஞ்சு வாங்கினேன். எந்தக் கடலில் எடுத்தது என்று கேட்டேன். இங்கே எடுத்தது இல்லை என்று தலையை ஆட்டினார். வீட்டில் என் மகள் அதைத் தண்ணீரில் போட்டுப் பிழிந்து விளையாடினாள். பிறகு நான் அதை ஆபீஸ் மேஜைக்குக் கொண்டு போய்விட்டேன்.

நம் கல்லூரியில் மெஷின் எப்படி வேலை செய்கிறது, எங்கே பழுதாகும், எப்படிச் சரிசெய்வது என்று நன்றாகவே சொல்லிக் கொடுத்தார்கள். அந்தக் கடனை மறக்க முடியாது. இந்த விழாவுக்கு வரும் இளைய தம்பி தங்கைகளுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். புது மெஷினை ஓட்டிப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். ஆறு மாதம் கழித்து ஒரு நாள் டீ நேரத்தில் போய், அதைப் பிடித்து வேலை செய்கிறவரிடம் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். பதிலைக் கேட்கிற வரைக்கும் நில்லுங்கள்.